ரேக்கில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்

மூன்றாவது மாடியில், நெட்வொர்க் கருவிகளை வைத்துப் பூட்டும் அலமாரியான ரேக்கைத் திறந்தேன். கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் எங்கள் ஸ்விட்சுக்கு மேலே, இருக்கக் கூடாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேபிள் செருக எட்டு போர்ட் உள்ள சாதாரண பிளாஸ்டிக் ஸ்விட்ச். அதன் அடாப்டர் ரேக்கின் பின்பக்கப் பவர் ஸ்ட்ரிப்பில் செருகியிருந்தது. ஒரு மஞ்சள் கேபிள் எங்கள் ஸ்விட்சின் 23ஆம் போர்ட்டுக்குப் போனது. இன்னொன்று ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஏறி மறைந்தது. லேபிள் கிடையாது. நெட்வொர்க் குழுவில் நாங்கள் நான்கே பேர். நான்கு பேரும் "நான் வைக்கவில்லை" என்றோம்.

பதறிப்போய் அந்த மஞ்சள் கேபிளைப் பிடுங்கினேன். பதினைந்து வருடமாக இதே வேலையில் இருப்பவன் செய்யக் கூடாத காரியம் அது. கேபிள் செருகியிருந்தவரை, அந்தப் போர்ட்டுக்குப் பின்னால் எத்தனை கருவிகள் இருக்கின்றன, அவற்றின் மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள அடையாள எண்) என்ன என்பதை எங்கள் ஸ்விட்சே சொல்லியிருக்கும். ஒரு கட்டளை போதும். மேக் முகவரியின் முதல் பாதியை வைத்தே அது எந்தக் கம்பெனி செய்த கருவி என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். கேபிளைப் பிடுங்கிய நொடியில், அந்தப் போர்ட்டைப் பற்றிக் கற்றுவைத்திருந்ததை எல்லாம் ஸ்விட்ச் மறந்துவிட்டது. கையில் மிஞ்சியது ஒரு பிளாஸ்டிக் பெட்டி. இப்போதெல்லாம் தெரியாத பொருளைப் பார்த்தால் முதலில் போட்டோ எடுக்கிறேன். அப்புறம் அந்த முகவரிகளை ஸ்விட்ச் குறித்துவைக்கும் மேக் டேபிளுக்கு ஒரு நகல். அப்புறம் அந்தப் போர்ட்டை மட்டும் எதையும் எட்ட முடியாத தனி விலானுக்கு (ஸ்விட்சுக்குள்ளேயே பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்) மாற்றுகிறேன். கேபிளைத் தொடுவது கடைசியில்தான்.

யாருடையது என்று தெரிய மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் மனிதவளத் துறையிலிருந்து ஒருவர் வந்து, "இரண்டு நாளாக வருகைப் பதிவு ஏறவே இல்லையே, நெட்வொர்க்கில் ஏதாவது மாற்றினீர்களா?" என்று கேட்டார். அப்போதுதான் புரிந்தது. மாடி வாசலில் கைரேகை வைக்கும் கருவி புதிதாக வந்திருந்தது. அதைப் பொருத்த வந்தவர், ரேக்கில் காலியாகத் தெரிந்த போர்ட்டில் இந்தப் பெட்டியைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த கதவுக்கும் ஒரு கருவி வரப்போகிறதாம், அதற்கும் சேர்த்து இருக்கட்டுமே என்ற நல்ல எண்ணம். அந்தக் கருவி பதிவுகளைத் தனக்குள்ளேயே சேர்த்துவைத்துக்கொள்ளும் என்பதால் கேபிளைப் பிடுங்கியதும் யாரும் கத்தவில்லை.

ஆபத்தில்லாத விஷயம்தான். ஆனால் அந்த மூன்று நாளும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. திருடனோ எலெக்ட்ரீஷியனோ, எங்கள் ரேக்கில் யார் கை வைத்தது என்ற கேள்விக்கு எங்களிடம் பதிலே இல்லை. ஃபயர்வால் பதிவுகள் மூன்று மாதத்துக்கு இருந்தன. யார் எந்த மெயிலை எத்தனை மணிக்குத் திறந்தார் என்றுகூடச் சொல்லிவிடுவோம். மூன்றாவது மாடியில் ஒரு தகரக் கதவை யார் திறந்தார் என்று சொல்ல முடியவில்லை.

இதே மாதிரி ஆரம்பித்து வேறு மாதிரி முடிந்த கதை ஒன்று உண்டு. நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் யாரோ அனுமதி வாங்காமல் ஒரு ராஸ்பெரி பை கணினியை நெட்வொர்க்கில் இணைத்துவைத்திருந்தார்கள். கைக்கடக்கமான சாதனம். அதன் வழியாக உள்ளே வந்தவர்கள் சுமார் 10 மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 23 கோப்புகளில் இருந்த ஏறக்குறைய 500 மெகாபைட் தகவலை எடுத்துக்கொண்டார்கள். 2018 ஏப்ரலில்தான் விஷயம் தெரிந்தது. நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2019 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில் இது விவரமாக இருக்கிறது. நெட்வொர்க்கில் என்னென்ன இணைந்திருக்கின்றன என்ற பட்டியல் சரியாக இல்லை என்பது அதில் சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று. அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கறுப்புப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, ரேக் பூட்டியிருந்ததா? பூட்டித்தான் இருந்தது. அதுதான் வேடிக்கை. அன்று மாலை ஒரு ரேக்கின் சாவியை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினேன். ஐந்து மாடி, ஒன்பது ரேக். ஒன்பதும் அதே சாவிக்குத் திறந்தன. ரேக் செய்யும் கம்பெனிகள் பல, ஒரே வகைப் பூட்டை ஆயிரக்கணக்கில் போட்டு அனுப்புகின்றன. கேபிள் வேலைக்கு வருகிற ஒவ்வொருவரின் சாவிக்கொத்திலும் அந்தச் சாவி ஒன்று தொங்கும். அதைக்கூட விடுங்கள். பக்கவாட்டுத் தகடுகளைப் பார்த்தேன். இரண்டு நெம்புகோலை விரலால் கீழே தள்ளினால் தகடு முழுவதும் கையோடு வந்துவிடுகிறது. முன்வாசலில் பூட்டைத் தொங்கவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதை.

பூட்டு உருளைகளை மட்டும் தனித்தனிச் சாவி உள்ளதாக மாற்றினோம். ரேக்கையே மாற்ற வேண்டியதில்லை, உருளை தனியாகக் கிடைக்கிறது. பக்கத் தகடுகளை உள்ளிருந்து திருகாணி போட்டு முடுக்கினோம். சாவிகளை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, எடுப்பவர் பெயர், நேரம், காரணம் எழுத ஒரு நோட்டு வைத்தோம். நோட்டு என்றதும் குழுவில் இளையவர் ஒருவர் சிரித்தார். இந்தக் காலத்தில் நோட்டா என்று. அந்த நோட்டுதான் பின்னால் எல்லாவற்றையும்விட அதிகம் பயன்பட்டது. கூடவே, பயன்பாட்டில் இல்லாத போர்ட்டுகளை எல்லாம் ஸ்விட்சில் மூடினோம். 23ஆம் போர்ட் திறந்து கிடந்ததால்தானே அந்தப் பெட்டிக்கு உயிர் வந்தது! அது என் சோம்பேறித்தனம். அவசரத்துக்கு ஒரு மேசைக்கு இணைப்புக் கேட்டால் உடனே கொடுக்கலாம் என்று விட்டுவைத்திருந்தேன்.

அடுத்த பாடம் நடந்தது ஒரு கிளை அலுவலகத்தில். வார விடுமுறையில் திருட்டு. இரண்டு லேப்டாப், ஒரு ப்ரொஜெக்டர், அதோடு சுவரில் மாட்டியிருந்த ரவுட்டர். திருடியவருக்கு அது என்னவென்றே தெரிந்திருக்காது, விளக்கு எரிகிறதே, விலை போகும் என்று கழற்றியிருப்பார். கணக்குத் துறையில் அந்த ரவுட்டரின் மதிப்பைக் கேட்டார்கள். ஏழு வருடப் பழசு, கணக்கில் மதிப்பு பூஜ்யம். எனக்கும் பெரிய கவலை இல்லை. உபரி ரவுட்டர் இருந்தது, அதன் அமைப்புகள் எல்லாம் அடங்கிய கன்ஃபிக் கோப்பின் நகல் இருந்தது, மதியத்துக்குள் கிளை பழையபடி வேலை செய்தது. முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் அந்த இளையவர்தான் கேட்டார், "அண்ணா, அந்த ரவுட்டருக்குள்ள என்னல்லாம் இருந்துச்சு?"

கன்ஃபிக் நகலைத் திறந்து, ஒரு திருடனின் கண்ணோடு வரி வரியாகப் படித்தேன். வயிற்றைக் கலக்கியது. தலைமை அலுவலகத்துக்குப் போகும் விபிஎன் சுரங்கத்தின் (இணையத்தின் நடுவே மறைத்துப் போட்ட தனிப் பாதை) ரகசியச் சொல் அதில் இருந்தது. பதினான்கு கிளைகளுக்கும் அதே சொல்தான். கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் எஸ்என்எம்பி முறைக்கான சொல் இருந்தது, அதுவும் எல்லாக் கருவிகளுக்கும் பொது. உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வரின் முகவரியும் அதனோடு பேசுவதற்கான சாவியும் இருந்தன. "டைப் 7" என்று சிஸ்கோ கருவிகளில் வரும் முறையில் அவை மறைக்கப்பட்டிருந்தன. பார்க்க எண்ணும் எழுத்துமாகப் புரியாத சரம் மாதிரித் தெரியும். ஆனால் அது தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவரிடமிருந்து மறைக்கத்தான். அதைத் திருப்பி மூலச் சொல்லாக்குவது நொடி வேலை. அந்தக் கம்பெனியே அதை வலுவான பாதுகாப்பாக நினைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறது.

ஆனால் பாஸ்வேர்ட் தெரியாமல் ரவுட்டருக்குள் எப்படிப் போவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். கருவி கையில் இருந்தால் பாஸ்வேர்ட் பெரிய தடையே இல்லை. கருவியோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிளைச் செருகி, மின்சாரத்தை அணைத்துப் போட்டு, கருவி எழுந்திருக்கும் நேரத்தில் இடைமறித்து, சேமித்த கன்ஃபிக்கைப் படிக்காமல் தொடங்கச் சொல்லலாம். அது திருட்டு வித்தை ஒன்றும் இல்லை. பாஸ்வேர்டை மறந்துபோன நிர்வாகிகளுக்காகத் தயாரிப்பாளரே வெளியிட்டிருக்கும் வழிமுறை. நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன், பத்து நிமிடம்கூட ஆகாது. என் கையில் அது வசதி, இன்னொருவர் கையில் அதுவே ஓட்டை என்பது அன்று வரை எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு இரவு வேலை. பதினான்கு கிளைகளிலும் எல்லா ரகசியச் சொற்களையும் மாற்றினோம். தொலைவிலிருந்து விபிஎன் சொல்லை மாற்றுவது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிற வேலை. ஒரு கிளையில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்து நானே வெளியே பூட்டிக்கொண்டேன். காலையில் முதல் ஆளாக வந்த காசாளர் அம்மாவிடம் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி அடிக்கவைத்தேன். "தம்பி, இது சின்ன எழுத்தா பெரிய எழுத்தா?" என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்டார். நான் அடித்ததைவிடக் கவனமாக அடித்தார்.

இப்போது பொதுச் சொல்லுக்குப் பதில், ஒவ்வொரு கிளைக்கும் தன்னை நிரூபிக்கத் தனி டிஜிட்டல் சான்றிதழ். ஒரு கருவி தொலைந்தால் அந்த ஒன்றின் சான்றிதழை மட்டும் ரத்து செய்தால் போதும், மற்ற பதின்மூன்றும் பாதிப்பில்லாமல் ஓடும். ஆளில்லாத இடத்தில் இருக்கும் ரவுட்டர்களில் அந்தப் பாஸ்வேர்ட் மீட்பு வசதியையும் நிறுத்திவைத்தோம். அதன் பிறகு யாராவது இடைமறித்தால் பழைய கன்ஃபிக் கிடைக்காது, கருவியை அழித்துத்தான் மறுபடி தொடங்க முடியும். இதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது: கன்ஃபிக் நகல் உங்களிடம் பத்திரமாக இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். பாஸ்வேர்டை நீங்கள் மறந்தாலும் கதி அதேதான்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு பழைய சாமான் அறையில் கழித்துப் போட வைத்திருந்த ஸ்விட்சுகளில் ஒன்றை எடுத்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். முழுக் கன்ஃபிக்கும் அப்படியே. இன்னொன்றில் கன்ஃபிக்கை யாரோ அழித்திருந்தார்கள், ஆனால் விலான் பட்டியல் தனிக் கோப்பாக உள்நினைவில் கிடந்தது. எந்த எண் எந்தத் துறை என்று பெயரோடு. அழிக்கும் கட்டளை அந்தக் கோப்பைத் தொடாது, அதைத் தனியாக அழிக்க வேண்டும். பெரிய நகல் இயந்திரங்கள் பலவற்றிலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, கழிக்கும்போது அதையும் யாராவது நினைவில் வைத்தால் சரி.

இனி கதவுக்கு வருகிறேன். எங்கள் சர்வர் ரூம் கதவில் காந்தப் பூட்டு. அட்டையைக் காட்டினால் திறக்கும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஒரு நாள் மின்சாரம் போய்த் திரும்ப வந்த பிறகு அந்தப் பக்கம் போனால், கதவு விரலிடை அளவுக்குத் திறந்து ஆடிக்கொண்டிருந்தது. காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரைதான் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் போனால் விட்டுவிடும். அது குறையில்லை, தீ பிடித்தால் உள்ளே இருப்பவர் வெளியே வரவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். எங்கள் தப்பு, அதற்குப் பின்னால் இருந்த பேட்டரி. அடைத்துவைத்த ஈய அமில பேட்டரி, வழக்கமாக மூன்றிலிருந்து ஐந்து வருடம் வரும். இது ஆறாவது வருடத்தில் இருந்தது. திறந்து பார்த்தால் பக்கங்கள் உப்பிக் கிடந்தது. சர்வர்களுக்கான யுபிஎஸ் பேட்டரிகளை வருடா வருடம் சோதித்தோம், கதவின் பேட்டரி யார் பொறுப்பு என்றே யாருக்கும் தெரியாது.

அந்தக் கதவுக்கு மின்சாரம் போனாலும் வெளியிலிருந்து பூட்டியே இருக்கும் வகைப் பூட்டை மாற்றினோம். உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினால் எப்போதும் திறக்கும், அதற்கு மின்சாரமே வேண்டாம். அதனால் உயிருக்கும் ஆபத்தில்லை. இதைச் செய்யும் முன் தீயணைப்பு அலாரத்தைப் பராமரிப்பவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். நெட்வொர்க்காரன் தானாக முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

பூட்டை மாற்றும் நாளில் சும்மா ஒரு குறும்பு செய்தோம். உள்ளிருந்து வெளியே வருபவருக்குத் தானாகத் திறக்க, கதவுக்கு மேலே அசைவை உணரும் சென்சார் ஒன்று இருந்தது. தூசி ஊதும் காற்றுக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, வெளியே நின்றபடி கதவு இடுக்கில் நீளக் குழாயை நுழைத்து அழுத்தினார் நண்பர். குப்பியிலிருந்து சீறிய குளிர்ந்த வாயு சென்சாருக்கு முன்னால் பரவியதும் 'டக்' என்று பூட்டு விட்டது. இப்படி நடக்கும் என்று படித்திருந்தோம், நம்ம கதவில் நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அட்டையும் அப்படித்தான். எங்கள் பழைய அட்டைகள் 125 கிலோஹெர்ட்ஸ் வகை. பக்கத்தில் கொண்டுபோனதும் தன் எண்ணை யார் கேட்டாலும் சொல்லிவிடும், கேட்பவர் யார் என்று பார்க்காது. சாவி நகலெடுக்கும் கருவி ஒன்றில் என் அட்டையையே வைத்துப் பார்த்தேன், ஒரு நிமிடத்துக்குள் இரண்டாவது அட்டை தயார். அடுத்த தலைமுறை என்று பலர் நம்பிய மைஃபேர் கிளாசிக் அட்டையின் மறையாக்கத்தையும் (என்கிரிப்ஷன்) 2008இலேயே நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். இன்னும் எத்தனையோ கட்டடங்களில் அதே அட்டைதான் கழுத்தில் தொங்குகிறது. புது அட்டை வாங்கும்போது எந்தச் சிப், எந்த மறையாக்கம் என்று கேளுங்கள். விற்பவர் முழித்தால் அதுவே பதில்.

கதவுக்கு இவ்வளவு பார்த்துவிட்டு, ஒரு நாள் சர்வர் ரூம் விளக்கை அணைத்துவிட்டு ஃபால்ஸ் சீலிங் டைல் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். பக்கத்து ஸ்டோர் ரூமின் டியூப்லைட் வெளிச்சம் தெரிந்தது. சுவர் சீலிங் உயரத்தோடு நின்றுவிட்டது, மேல்தளம் வரை போகவே இல்லை. ஸ்டோர் ரூமில் ஓர் ஏணி வேறு சாத்தியிருந்தது. இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை, இன்றைக்கே செய்து பாருங்கள்.

பூட்டை இறுக்கிக்கொண்டே போனால் நாமே வெளியே மாட்டிக்கொள்ளும் நாளும் வரும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் சேவைகள் ஏறக்குறைய ஆறு மணிநேரம் முடங்கினவே, நினைவிருக்கும். ஒரு பராமரிப்புக் கட்டளை அவர்களுடைய தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. தொலைவிலிருந்து சரிசெய்யும் வழியும் அதோடு போனது. நேரில் ஆள் அனுப்பினார்கள். அந்தத் தரவு மையங்களுக்குள் நுழைவதே கடினம், நுழைந்த பிறகும் கருவிகளில் கை வைப்பது கடினம், அப்படித்தான் கட்டியிருக்கிறோம் என்று அந்தக் கம்பெனியே பிறகு எழுதியது. அதைப் படித்த வாரம் எங்கள் அட்டைப் பூட்டின் சர்வர் எந்த ஸ்விட்சில் இருக்கிறது என்று தேடினேன். அந்த அறைக்குள் இருக்கும் ஸ்விட்சில்தான். அது செத்தால் அட்டை வேலை செய்யாது, அட்டை வேலை செய்யாவிட்டால் அதைச் சரிசெய்யப் போக முடியாது. இப்போது ஓர் இரும்புச் சாவி, உறையில் போட்டு ஒட்டி, காவலர் பெட்டகத்தில் இருக்கிறது. உறை கிழிந்தால் யார், ஏன் என்று நோட்டில் எழுத வேண்டும்.

வெளிச்சுவர்க் கேமராக்களைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. திருடனைப் பார்க்க வைத்த கேமராவே உள்ளே வர வழியாகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கேமராவுக்குப் போவது நம் நெட்வொர்க் கேபிள். அதிலேயே மின்சாரமும் போகும். கட்டடத்துக்கு வெளியே, கை எட்டும் உயரத்தில், பூட்டில்லாத ஒரு நெட்வொர்க் போர்ட் தொங்குகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். மேலாளருக்கு இதைப் பேசிப் புரியவைக்க முடியவில்லை. "சார், ஐந்து நிமிடம் கீழே வாங்க" என்று வண்டி நிறுத்துமிடத்துக்கு அழைத்துப்போனேன். கேமராவின் கேபிளைக் கழற்றி என் லேப்டாப்பில் செருகினேன். கோப்பு சர்வரின் உள்நுழைவுத் திரை வந்தது. அடுத்த வாரமே பட்ஜெட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது.

அதற்கு முன் மேக் முகவரியை வைத்து வடிகட்டினால் போதும் என்று ஒருவர் யோசனை சொன்னார். கேமராவைக் கழற்றித் திருப்பிக் காட்டினேன். மேக் முகவரி பின்பக்க ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருந்தது. லேப்டாப்பில் அதே முகவரியை அடித்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு அந்த வடிகட்டி ஒரு பொருட்டே இல்லை. எனவே கேமராக்களைத் தனி விலானில் போட்டு, பதிவுக் கருவியைத் தவிர வேறு எதையும் அவை எட்டாதபடி அடைத்தோம். வெளிப் போர்ட்டில் இணைப்பு ஒரு முறை அறுந்தாலும் அந்தப் போர்ட்டே மூடிக்கொள்ளும், நாங்கள் பார்த்துத்தான் திறப்போம். முடிந்த இடங்களில் 802.1எக்ஸ் போட்டோம், அதாவது கருவி தன்னை நிரூபித்தால்தான் போர்ட் திறக்கும். அதை முழுக் கட்டடத்துக்கும் கொண்டுவர எட்டு மாதம் ஆனது, பழைய பிரிண்டர்கள் உயிரை வாங்கின. வரவேற்பறை, கூட்ட அறைகளில் இருந்த சுவர்ப் போர்ட்டுகளுக்கு அவ்வளவு வித்தை எதற்கு? அவற்றை ஸ்விட்சோடு இணைக்கும் சின்னக் கேபிளான பேட்ச் கார்டை ரேக்கில் உருவிவிட்டோம். செருகாத கேபிளை எந்த ஹேக்கராலும் உடைக்க முடியாது.

நம் எல்லைக்கு வெளியே போகிற கேபிளுக்கு நம்மால் செய்ய முடிவது குறைவுதான். 2011இல் ஜார்ஜியாவில் 75 வயதுப் பாட்டி ஒருவர் செம்புக்காக மண்ணைத் தோண்டும்போது இணையத்துக்கான ஃபைபர் கேபிளை வெட்டி, பக்கத்து நாடான ஆர்மீனியாவின் பெரும்பகுதிக்குச் சில மணிநேரம் இணையமே இல்லாமல் செய்தார். இரண்டு இணைப்பு வாங்கியிருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள், அந்த இரண்டும் கட்டடத்துக்குள் ஒரே குழாய் வழியாக வருகின்றனவா என்று ஒரு முறை குனிந்து பார்க்க வேண்டும். எங்களுடையது அப்படித்தான் வந்தது.

எல்லாத் தொந்தரவும் மனிதரால் வருவதும் இல்லை. ஏசியின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டு ரேக்கின் தலைமேல் சொட்டியது ஒரு தடவை. அழகாகக் கேபிள் வழியாகவே வழிந்து இறங்கி, கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனலில் பச்சை பூத்திருந்தது. ரேக்குக்கு மேலே நீர்க்குழாய் எதுவும் ஓடக் கூடாது, ஓடினால் கீழே ஒரு தட்டும் ஈரத்தை உணரும் கம்பியும் வையுங்கள். வெப்பத்துக்கு, குளிரூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி செல்சியஸ். சென்சாரை ரேக்கின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில் மாட்டுங்கள். ஏசி காற்று படும் சுவரில் மாட்டினால் ரேக் வேகும்போதும் அது 22 என்றே காட்டும்.

ஆட்களை நிறுத்துவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். தோளில் ஏணி, கையில் கருவிப் பை, மேலே ஒளிரும் சட்டை, இவ்வளவு இருந்தால் எந்தக் கதவும் மரியாதையோடு திறக்கிறது. யார் நீங்கள் என்று கேட்பது நம் ஆட்களுக்கு முகத்தில் அடிப்பது போலப் படுகிறது. அதனால் கேட்கிற பாரத்தைக் காவலரின் தோளிலிருந்து இறக்கினோம். பட்டியலில் பெயர் இல்லாதவர் யார் வந்தாலும், எங்கள் எண்ணுக்கு ஒரு போன். வந்தவர் தரும் எண்ணுக்கு அல்ல, எங்களுக்குத் தெரிந்த எண்ணுக்கு. ஒரு முறை உண்மையான தொழில்நுட்பர் ஒருவரையே நாற்பது நிமிடம் வாசலில் நிற்கவைத்துவிட்டார் எங்கள் காவலர் அண்ணன். வந்தவருக்கு ஏகக் கோபம். நான் போய் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் காவலரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று அவரைத் திட்டியிருந்தால் அடுத்த முறை யாரையும் நிறுத்தியிருக்க மாட்டார்.

கடைசியாக, ரேக் கதவுகளில் எல்லாம் திறந்ததைச் சொல்லும் சின்ன சென்சார் மாட்டினோம். கதவு திறந்தால், போர்ட் அறுந்தால், ஸ்விட்ச் திடீரென்று எழுந்தால், மூன்றும் ஒரே இடத்துக்குச் செய்தி அனுப்பும். முதல் வாரம் போன் ஓயாமல் அடித்து எல்லோரும் அதை மௌனத்தில் போட்டார்கள். அப்புறம் திட்டமிட்ட வேலை நேரத்தை முன்கூட்டியே குறித்துவைக்கப் பழகினோம். இப்போது வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வருகின்றன, வருவதைப் பார்க்கிறோம்.

மாதம் ஒரு முறை டார்ச்சோடு எல்லா ரேக்குகளையும் சுற்றி வருகிறேன். போன மாதம் மூன்றாவது மாடி ரேக்கைத் திறந்தால், ஸ்விட்சின் தலைமேல், காற்றோட்டத் துளைகளை ஒட்டி, ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடந்தது. துளைக்குள் நழுவியிருந்தால் அந்த மாடியே இருட்டு. உடனே அங்கிருந்தே குழுவுக்குக் கொஞ்சம் காரமாகச் செய்தி அனுப்பினேன், யார் இப்படி வைத்துவிட்டுப் போனது என்று. இரண்டு நிமிடத்தில் இளையவர் கதவுப் பதிவையும் சாவி நோட்டின் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினார். ஒன்பது நாளுக்கு முன், மாலை 6.10க்கு, கதவு திறந்திருந்தது ஒரே ஒரு முறை. நோட்டில் இருந்தது என் கையெழுத்து.